பிரிக்காத பொட்டலம்

அப்பா பிழைத்துக்கொண்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது. அந்தக் கையைப் பற்றியதுதான் இந்தக் கதையே.

தொண்ணூறுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, அப்பாவுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போனது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், செய்யும்போதே உயிர் போனாலும் போகலாம் என்றார் மதுரை டாக்டர். நெஞ்சைப் பிளக்க விடவே மாட்டேன் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றார். செக்காலையில் இருந்த எங்கள் கூட்டுக்குடும்ப வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அம்மா மூத்தாரிடம் நேராகப் பேசமாட்டாள். எதுவானாலும் என் வழியாகத்தான் போகும்.

"சாமிட்டப் பூக்கேட்டுப் பாத்துருவமான்னு பெரியப்பாட்டக் கேளுத்தா. சாமி சொன்னா ஒத்துக்கிருவாகளான்னும் கேளு."

பெரியப்பா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். "சாமி சொன்னா மறிக்க நான் யாருத்தா?" என்றார், என்னைப் பார்த்து.

ஒக்கூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். விடிந்ததும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் போனோம். வெள்ளைப்பூ வந்தால் அங்கிருந்தே மதுரை, சிவப்பு வந்தால் திரும்ப வீடு என்று பேச்சு. கோயிலுக்குப் பின்னால் போய்ப் பூப்பறித்து, வாழை இலையில் இரண்டு பொட்டலமாகக் கட்டி வந்தது அம்மா. குழந்தை கையால்தான் எடுக்க வேண்டும் என்பதால் தட்டு என்னிடம் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பூசாரி சூடம் காட்டினார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மூடவில்லை. எனக்கு மதுரைக்குப் போக வேண்டும். என் வகுப்புத்தோழி அங்கே யானையைத் தொட்டுப் பார்த்தவள். என் பக்கமிருந்த பொட்டலத்தில் விரலைவிட்டு இலையை விலக்கிப் பார்த்தேன். நந்தியாவட்டை. வெள்ளை! ஒன்று வெள்ளையானால் மற்றது சிவப்புத்தானே. கணக்கில் நான் கெட்டி.

"எடு ஆத்தா. நீயா எடுக்குறே? சாமில்ல எடுக்குது!" என்றார் பெரியப்பா.

எடுத்தேன். வெள்ளையைப் பார்த்ததும் அவர் கண்ணில் பொலபொலவென்று நீர். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அந்தப் பூவை அப்பாவின் சட்டைப்பையில் வைத்தார். மற்றப் பொட்டலத்தை யாரும் கேட்கவில்லை. அம்மா அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை மதுரை ஆஸ்பத்திரியில் அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அவருடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்த பூவைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டபடி பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு உதறல் எடுத்தது. அப்பா செத்துப்போனால்? எடுத்தது சாமியா, நானா? யானை பார்க்க ஆசைப்பட்டு அப்பாவைக் கொன்றவள் ஆகிவிடுவேனா? என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

தாங்கமுடியாமல் அம்மாவைத் தாழ்வாரத்துக் கோடிக்கு இழுத்துப்போய்ச் சொல்லிவிட்டேன். "நான் பாத்துத்தாம்மா எடுத்தேன்."

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"நீ எத எடுத்திருந்தாலும் ஒம்மேல குத்தமில்லத்தா. ஒப்பாவுக்கு என்ன ஆனாலும் ஒம்மேல இல்ல. சாமி மேலயும் இல்ல."

அப்படியானால் யார் மேல் என்று நான் கேட்கவில்லை. தப்பித்தேன் என்ற நிம்மதியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அம்மா திரும்பிப் பெரியப்பா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஜன்னல் வழியே வெளியே உதறினாள். நந்தியாவட்டைப் பூக்கள். ஒரு ராத்திரிக்குள் இப்படி வாடிவிட்டனவே என்று மட்டும்தான் எனக்குப் பட்டது.