பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் பம்பு வாங்கப் போனேன்

பாய்மரப் படகில் குடியிருப்பவனுக்குத் திருவண்ணாமலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 2006 புரட்டாசியில் நானும் மனைவி வசந்தியும் கடலூரில் ஆற்றுக்குள் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். என்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பு உடைந்துவிட்டது. அதே மாதிரிப் பம்பு ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த பிரெஞ்சுப் பெரியவர் ஒருவரிடம் இருந்தது. படகை விற்றுவிட்டு வந்தவர், பம்பை மட்டும் ஏனோ வைத்துக்கொண்டிருந்தார்.

ஆற்று முகத்துவாரத்தில் மணல்மேடு. படகின் அடி தட்டாமல் கடலுக்குப் போகப் பௌர்ணமியை அல்லது அமாவாசையை ஒட்டிய பெரிய நீரேற்றம் வேண்டும். அடுத்த அமாவாசை தீபாவளிக்கு, அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். போன மழையில் வெள்ளம் நங்கூரத்தையே இழுத்துக்கொண்டு போனது. இன்னொரு மழைக்காலத்தை அந்த ஆற்றில் படகு தாங்காது. எங்களுக்கு வேறு வீடும் கிடையாது.

எனவே திட்டம் போட்டேன். பௌர்ணமியன்று காலை போய் மாலை திரும்புவது, மறுநாள் காலை எட்டரை மணி ஏற்றத்தில் வெளியேறுவது. இதைப் போட்டவன் திருவண்ணாமலையை அடுத்த கீழ்பென்னாத்தூரில் பிறந்தவன் என்பதுதான் வெட்கக்கேடு. பல வருடமாக எனக்குப் பௌர்ணமி என்றால் நீரேற்றம் மட்டும்தான். கிரிவலம் என்ற ஒன்று நினைவுக்கே வரவில்லை.

விழுப்புரம் வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், இரண்டு பேருந்து, முப்பத்தைந்து ரூபாய். வேட்டவலம் சாலையில் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"இதுக்கு மேல வண்டி போவாதுங்க. பௌர்ணமி இல்ல?" என்றார் நடத்துநர்.

கூட்டத்துக்குள் புகுந்து நடந்து ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலையை அடைய மதியம் இரண்டாகிவிட்டது. பெரியவர் அறையில் பூட்டு. வீட்டுக்கார அம்மா முறத்தில் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி சுத்தப் போயிட்டாருங்க. மெதுவாத்தான் நடப்பாரு. அங்கங்க உக்காந்துடுவாரு."

"எப்ப வருவாருங்க?"

"ஒரு தபா சாயங்காலமே வந்துட்டாரு. ஒரு தபா விடிஞ்சிதான் வந்தாரு."

"சாவி உங்ககிட்ட இருக்குமேம்மா?"

"இருக்கு. அவரு இல்லாம தெறக்கமாட்டேன். நீங்களா இருந்தா ஒத்துப்பீங்களா?"

ஒத்துக்கொள்ள மாட்டேன்தான். ஆறு மணிக்கு வந்தால் இந்தப் பேருந்து, எட்டு மணிக்கு வந்தால் அந்தப் பேருந்து என்று மனதுக்குள் திட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். வெறுங்கையோடு திரும்பவும் மனம் வரவில்லை. வசந்தியின் போனுக்கு இணைப்பே கிடைக்கவில்லை, கூட்டத்தில் எல்லோரும் போனும் கையுமாக இருந்தார்கள். இருட்டும் முன்பே என் பேட்டரி செத்தது. அந்த அம்மா போட்ட தோசையைத் தின்றுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் விடியற்காலை நாலரைக்குத்தான் வந்தார். பம்பைக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆறு மணிக்குப் பேருந்தில் தொங்கிக்கொண்டு கிளம்பினேன். எட்டரை ஆனபோது விழுப்புரத்தைக்கூடத் தாண்டவில்லை. ஏற்றம் போயிற்று, படகும் போயிற்று என்றே நினைத்தேன்.

பத்து மணிக்கு ஆற்றங்கரையில் நின்றபோது படகு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா கேட்டாங்கன்னு எட்டரைக்கே நம்ம போட்டுல கட்டி இழுத்துகினு போயிட்டோம் சார். தோ, வெளிய நிக்குது பாருங்க. ஏறுங்க, வுட்டுட்டு வரேன்."

மணல்மேட்டுக்கு அப்பால் பாய் இறக்கி நின்றது எங்கள் வீடு. வசந்தி கை கொடுத்து ஏற்றினாள்.

"நீங்க வந்துடுவீங்கன்னு நம்பியா ப்ளான் போடுவேன்? நேத்து நிலா ஏறுச்சு பாருங்க, அப்பதான் உறைச்சுது. கல்யாணமான புதுசுல ஒரு பௌர்ணமிக்கு உங்க ஊர்ல பஸ் கிடைக்காம விடிய விடிய நின்னோமே, மறந்துபோச்சா?"

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வேறு வேலையாக என்றால் பௌர்ணமியிலும் அதற்கு முன்பின் நாளிலும் திருவண்ணாமலைக்குப் போகாதீர்கள். போயே ஆகவேண்டும் என்றால் ஒரு இரவைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்கு வெளியே இருந்து நடக்கவும் தயாராக இருங்கள். படகில் வாழ்பவர்கள், கரைக்குப் போனவர் நேரத்துக்குத் திரும்பமாட்டார் என்று வைத்தே திட்டம் போடுங்கள். அவள் அப்படித்தான் போட்டிருந்தாள். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.