சின்னம்மாவின் உளுந்தும் சிவப்புக் காரின் மூக்கும்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு சிக்னலில் நின்றபோது பக்கத்தில் சின்னக் கார் ஒன்று வந்து நின்றது. பானெட்டின் மேல் கறுப்பாக ஒரு ஏர் ஸ்கூப். தவளை வாயைத் திறந்தாற்போல இருக்குமே, இன்ஜினுக்குக் காற்று வாங்குவதற்கென்று வைக்கிற சாமான், அதுதான். ஆனால் இது வெறும் ஒட்டு. டேப் ஒரு மூலையில் பெயர்ந்துகொண்டு வந்தது. அடியில் துளை எதுவும் இல்லை. ஓட்டிவந்த பிள்ளை இறங்கி அதை உள்ளங்கையால் அழுத்திவிட்டு என்னைப் பார்த்து அசடு வழிந்தான். நான் கண்ணாடியை இறக்கி, "ஓட்ட போடாம ஒட்டுனீங்களே தம்பி, ரொம்ப நல்ல காரியம்" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பான். மனதாரச் சொன்னேன், நம்புங்கள்.

ஏனென்றால் ஓட்டை போட்டவன் நான்.

வெளிநாட்டுச் சாமான்களெல்லாம் கடைக்கடையாக வந்து இறங்கிய புதிது. நானும் ஆரோக்கியசாமியும் கூட்டுச் சேர்ந்து திருச்சி ரோட்டில் கார் அலங்காரக் கடை வைத்திருந்தோம். ஆரோக்கியம் மாதா கோயில் தெருக்காரன், என்னைவிடப் பொறுமைசாலி. அதனால் கடையில் உருப்படியான வேலையெல்லாம் அவன் பொறுப்பு, வாய் வேலை என் பொறுப்பு. சீட் கவர், கறுப்பு ஃபிலிம், ரிவர்ஸ் எடுத்தால் பாடுகிற ஹாரன். எந்த வண்டி பின்னால் போனாலும் பாடிக்கொண்டுதான் போகவேண்டும் என்று ஊரே முடிவு கட்டியிருந்த காலம் அது. கடை முழுக்க ரெக்சினும் பசையும் மணக்கும். அந்த வாசனைக்கு நடுவில்தான் தினமும் மத்தியானச் சோறு என்பதால், இன்றைக்கும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் எனக்குப் பசிக்கும். வீட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அந்தக் கடைக்குத்தான் குணசேகரன் அண்ணன் தன் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமம், நெல்லும் உளுந்தும் விளைவிக்கிற குடும்பம். அவர் மட்டும் வளைகுடாவில் கிரேன் ஓட்டப் போயிருந்தார். இரண்டு மாத லீவில் வந்தவர், சென்னையில் யாரோ கைமாற்றிய காரை வாங்கியிருந்தார். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லமுடியாது; அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்ட சின்னக் கார். இரண்டே கதவு, தாழ்ந்த இருக்கை, உள்ளே போக வேட்டியை மடித்துக் கட்டவேண்டும். பின் சீட்டில் போர்வையில் சுற்றி மூன்று ஸ்கூப் வைத்திருந்தார். பானெட்டுக்கு ஒன்று, பின்பக்கம் இரண்டு புறமும் ஒவ்வொன்று. துணிமணிக்கு நடுவில் வைத்து விமானத்தில் கொண்டுவந்தாராம். ஆரோக்கியம் அதைப் பார்த்ததுமே "மூக்கு" என்றான். அதற்குப் பிறகு எங்கள் கடையில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

"பின்னாடி ரெண்டும் ஒட்டிக்க. முன்னாடி இருக்கறத மட்டும் சும்மா ஒட்டி ஏமாத்தாத தம்பி" என்றார் அண்ணன். "காத்து உள்ள போவணும்."

ஒருவர் உழைத்து வாங்கிய காரின் பானெட்டில் முதல் ஓட்டை போடுவது இருக்கிறதே, அதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். சார்ட் பேப்பரில் அளவு வெட்டி, டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டுவிட்டு நான் இரண்டு தடவை டீ குடிக்கப் போய்விட்டேன். மூன்றாவது தடவை ஆரோக்கியம் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். கோடு நெடுக ட்ரில் போட்டு, ஆக்சா பிளேடால் அறுத்து, அரத்தால் ராவி, ஓரத்துக்கு ரப்பர் பீடிங் கொடுத்து முடித்தபோது சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. துளைக்கு நேர் கீழே ஏர் ஃபில்டர் டப்பா. காற்று தாராளமாகப் போகட்டும் என்று அதன் மூடியையும் திறந்தாற்போல வைத்தேன்.

பெட்டியில் ஒரு கம்பி வலையும் இருந்தது, மூக்கின் வாயில் பொருத்துவதற்கு. பன்னிரண்டு ஸ்க்ரூ.

"வலையையும் போட்டுரு, நம்ம ஊருத் தூசிக்கு வேணும்" என்றான் ஆரோக்கியம்.

"கொசுவல கட்டின கட்டில் மாதிரி இருக்கும்டா" என்று சொல்லி அதை டிராயரில் போட்டேன். அழகைப் பற்றி எனக்கு ஒன்றும் கவலையில்லை. சாயங்காலக் காட்சிக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். வெட்கக்கேடு என்றாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்கு ஒரே பூரிப்பு. லீவு முடிகிற அன்று டாக்சி வேண்டாம், தன் காரையே ஓட்டிக்கொண்டு திருச்சி விமான நிலையம் போவது என்று முடிவு செய்தார். திரும்பி ஓட்டிவர ஆள் வேண்டுமே, என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை காலை. பின் சீட்டில் அவர் மனைவி மல்லிகா அண்ணி, பக்கத்தில் கயிறு கட்டிய பெட்டி. விசா முடிய இரண்டே நாள் இருந்தது. அதற்குள் அங்கே போய் இறங்காவிட்டால் வேலை போய்விடும். ஏஜென்டிடம் மறுபடி முதலிலிருந்து நிற்கவேண்டும். பன்னிரண்டு மணிக்குள் விமான நிலையத்தில் இருந்தாகவேண்டும். ஒன்பதுக்கே கிளம்பிவிட்டோம், தாராளமான நேரம்.

அது சித்திரை. எங்கள் பக்கத்தில் உளுந்து பிடுங்குகிற காலம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிடுங்கிய செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப்போக, நெற்று வெடித்து உளுந்து உதிரும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஏறாமல் ஒதுங்கிப் போகிற வண்டியைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நாலு கிலோமீட்டர் போவதற்குள் ரோட்டை அடைத்து ஒரு பரப்பல். ஓரத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றது அண்ணனின் சின்னம்மா.

"ஊருக்குக் கெளம்பிட்டியாப்பா?" என்றார் சின்னம்மா. "காலைலேருந்து ரெண்டு பஸ்ஸுதான் ஏறுச்சு. பாதி நெத்து வெடிக்கவே இல்ல."

அவர் ஒன்றும் கேட்கவில்லை, கவனியுங்கள். வெறும் தகவல்தான் சொன்னார். ஆனால் ஊருக்குப் போகிற பிள்ளை, நாலு சக்கரத்தோடு, சொந்தச் சின்னம்மாவின் உளுந்தைத் தாண்டி எப்படிப் போவது? அண்ணன் ஒரு தடவை ஏற்றினார். ரிவர்ஸில் வந்தார், ஹாரன் பாடியது. சின்னம்மா கோலால் செடியைப் புரட்டிப் போட்டார். மறுபடி ஏற்றினார். இப்படி மூன்று நடை. அண்ணி பின்னாலிருந்து "மணியப் பாத்துக்கங்க" என்றார். நானோ ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, எங்கள் கடை ஹாரன் எவ்வளவு கணீரென்று பாடுகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று நடையிலும் எழும்பிய பொட்டும் சருகும் தூசியும் எங்கே போயிருக்கும்? காற்று உள்ளே போகவேண்டும் என்றுதானே வாயைத் திறந்து வைத்தோம். எல்லாம் போயிற்று.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி வண்டி இருமியது. பிறகு விக்கியது. பிறகு பானெட்டின் மூக்கிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. திறந்தால், உள்ளே ஒரு வைக்கோல் போரே இருந்தது. சைலன்சர் குழாயின் மேல் விழுந்த சருகு கனன்று, ஒரு பக்கம் தீப்பிடித்துவிட்டது. தண்ணீருக்கு வாய்க்காலைப் பார்த்தேன். மேட்டூர் அணையை மூடியிருக்கிற சித்திரையில் ஏது தண்ணீர், வெடித்த தரைதான். நான் சட்டையைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி வாய்க்காலில் இறங்கி முந்தானை நிறைய மணல் அள்ளிவந்து கொட்டினார். மூன்று முந்தானை மணலில் தீ அடங்கியது. ஒயரெல்லாம் உருகிப் போயிருந்தது. கருகிய உளுந்து வாசனை கமகமவென்று வந்தது. அந்த நிலைமையில் எனக்கு உளுந்து வடை ஞாபகம் வந்தது என்பதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மணி நேரம் நின்றோம். போன பஸ் போய்விட்டது, வருகிற பஸ் வரவில்லை. அண்ணன் கடிகாரத்தைப் பார்ப்பார், ரோட்டைப் பார்ப்பார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. டிராயரில் கிடந்த வலை என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கடைசியில் வந்தது முத்துப்பேட்டையிலிருந்து திருச்சி மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப்போகிற வேன். கதையைப் பாதி கேட்டதுமே டிரைவர், "ஏறுங்க, பெட்டிய ஐஸ் மேல போட்டுருங்க. நேர ஏர்போர்ட்டுக்கே உட்டுர்றேன்" என்றார். முன்னால் ஏற்கெனவே இரண்டு பேர். அண்ணன் ஒருவருக்குத்தான் இடம், அதுவும் மீன் பெட்டிகளுக்கு நடுவில், தேய்த்துப் போட்ட பேன்ட்டோடு. விமான நிலையம் வரை பக்கத்தில் உட்கார்ந்து வருவதாக இருந்த அண்ணிக்கு அரை நிமிடம் கிடைத்தது.

"சாப்புட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றார் அண்ணன்.

"ம்" என்றார் அண்ணி. கையெல்லாம் மணல். வேன் போய்விட்டது.

விமானம் ஏறினாரா இல்லையா என்று தெரியவில்லை. விமானத்தைத் தவறவிட்டாலும் அண்ணன் வீடு திரும்புகிற ஆள் இல்லை. சென்னைக்கோ பம்பாய்க்கோ ஓடியிருப்பார். மறுநாள் நான் பஸ் பிடித்து விமான நிலையத்துக்கே போனேன். வாசலில் நின்ற காவலர், "நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டார். காருக்கு மூக்கு வைத்தவன் என்று சொல்லவா முடியும்? திரும்பி வந்தேன். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு அங்கே விடுமுறை. போன் வருவதானால் அன்றைக்குத்தான், அதுவும் அவர்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்கு. நடுவில் ஆறு நாள். ஆரோக்கியம் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அந்த வலையை மட்டும் டிராயரிலிருந்து எடுத்து எங்கோ மறைத்து வைத்துவிட்டான். இப்படி ஒரு கூட்டாளி கிடைக்க நான் கொடுத்து வைத்தவன். அவன் கனடாவில் மகன் வீட்டில் இருக்கிறான் இப்போது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் பூத்துக்குப் போனேன். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது, ஆறு நாளாகத் தூக்கம் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. என்னால் தாங்கமுடியவில்லை.

"அண்ணி, அதுக்கு ஒரு வல இருந்துச்சு. நான்தான் போடல. போட்டிருந்தா இப்படி ஆயிருக்காது."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "ஃபிளைட்டுக்குப் போற மனுசன் மூணு தடவ உளுந்து அடிச்சாரே, அதுக்கு எந்த வலயப் போடுவீங்க?" என்றார். பிறகு, மெதுவாக, "அவரு ஏறிட்டாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் தம்பி" என்றார்.

ஒன்றரை மணிக்கு வரவேண்டிய போன் ஒன்றேமுக்காலுக்கு வந்தது. அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மீன் நாற்றம் தாங்காமல் பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டாராம். அண்ணன் இரண்டு சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அண்ணி ரிசீவரை என்னிடம் கொடுத்தார். திட்டுக்குத் தயாராகத்தான் வாங்கினேன்.

"தம்பி," என்றது தூரத்துக் குரல், "சின்னம்மாவுக்கு உளுந்து எவ்வளவு தேறுச்சாம்?"

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதேன். துக்கமெல்லாம் இல்லை, ஆறு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போன சுகம். பூத்துக்காரர் எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

அண்ணன் ஊரோடு வந்து சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கார் எப்போதோ கைமாறிப் போயிற்று. எங்கள் கடை இருந்த இடத்தில் மருந்துக் கடை. பூத்துகள் ஒன்றுகூட மிச்சமில்லை. போன மாதம் அண்ணன் மகள் சிங்கப்பூரில் வேலைக்குச் சேரக் கிளம்பினாள். அன்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். விமானம் எங்கே பறக்கிறது என்று போனில் ஒரு பொட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அண்ணி அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கடலத் தாண்டிட்டா" என்றார், கீரையிலிருந்து நிமிராமல். கொஞ்ச நேரத்தில், "எறங்கிட்டா" என்று சொல்லிவிட்டு உலை வைக்க எழுந்துபோனார்.

பழைய நாட்களைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கும் விடவேண்டியவை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேன் போன ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மணல் கையோடு வீட்டுக்குப் போய், போனவர் போய்ச் சேர்ந்தாரா என்று வெள்ளிக்கிழமை வரை தெரியாமல் சோறு வடித்த அந்த ஆறு நாள் இனிமேல் எந்தப் பெண்ணுக்கும் வராது. ஒழிந்தது. நன்றாக ஒழியட்டும்.