தரிசு என்று நான் எழுதிய மேடு

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர் நிலப் பாதுகாப்புக் குழுவில் நானும் ஒரு தன்னார்வலர். மழைநீர் மண்ணை அரிக்காமல் தடுக்கக் குழிகள் வெட்ட இடம் குறிப்போம். ஒருநாள் வெயிலுக்குச் சலித்து, ஒரு மேட்டை நேரில் பார்க்காமலே 'தரிசு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பொக்லைன் பாதி மேட்டை வெட்டியபோது, பக்கத்துக் காட்டில் களையெடுத்துக் கொண்டிருந்த முனியம்மா ஓடிவந்தார். "நிறுத்துங்கண்ணா! எம் பொண்ண இங்கதாங்க பொதச்சோம். பொறந்த மூணாம் நாளே போயிட்டா."

"எந்த இடம்மா?" என்று பொக்லைன் பக்கத்தில் நின்றிருந்த நான் கேட்டேன்.

"அடையாளத்துக்கு ஒரு கல்லு வெச்சிருந்தேங்க."

அள்ளிக் கொட்டிய மண்ணில் அவர் தேடினார். நானும் மண்டியிட்டுத் தேடினேன். எங்கு பார்த்தாலும் கல். எது அவருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. குழியை மூடிவிட்டோம்.

இப்போதெல்லாம் நிலத்தை நடந்து பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன். முனியம்மா என்னைத் திட்டவேயில்லை. வழியில் பார்த்தால், "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்கிறார்.