உறுமி இல்லாத பதினோரு நிமிடம்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. அதை முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆறாம் ஆண்டுவரை தோட்டத் தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம், அவ்வளவுதான் என் படிப்பு. கூச்சம் வேறு. முடிவெட்டும் கடையில் "போதும்" என்று சொல்ல வாய் வராமல் ஏறக்குறைய மொட்டையாகவே வீட்டுக்கு வந்தவன் நான். அப்படிப்பட்டவன் பேனாவை எடுத்திருக்கிறேன் என்றால், வாயால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மலாக்கா பாச்சாங்கில் ஒரு கடையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பூங்கொடியிடமிருந்து கைப்பேசியில் குரல்செய்தி வந்தது. பூங்கொடி என் பெரியம்மா மகன் மணியம் அண்ணனின் பெண். புக்கிட் பெருவாங்கில் இருக்கிறாள்.

"சித்தப்பா, அப்பா வாசிச்ச அந்த ஜாஸ் ஆல்பம் இப்ப போன்லயே இருக்கு. மூணு தடவ கேட்டுட்டேன், கொஞ்ச நேரம் கேக்குது, அப்புறம் அப்பா எங்கன்னே தெரியலலா. அறுபதாவது பெர்த்டேக்குப் போடப் போறேன். எந்த இடம்னு சொல்லுங்க, நீங்கதானே அன்னிக்கி மைக் ஆளு!"

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். மைக் ஆள். ஆமாம், நான்தான்.

அந்த ஆல்பம் பதிவான காலத்தில் நான் மலாக்காவில் ஒரு மண்டபத்தில் வேலை செய்தேன். நாற்காலி அடுக்குவது, திரை இழுப்பது, மைக் வைப்பது எல்லாம் நான்தான். அந்த மண்டபத்தை நினைத்தாலே பாச்சைக்குண்டு வாசனை வருகிறது. கரப்பானுக்காக லெட்சுமி அக்கா ஒவ்வொரு மூலையிலும் போட்டு வைப்பார். கூட்டித் துடைப்பது அவர் வேலை. அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கோயிலில் உறுமி மேளம் உச்சத்துக்குப் போனால் அக்காவுக்கு அருள் வந்துவிடும். மூன்று ஆண்கள் பிடித்தாலும் நிற்கமாட்டார்.

ஒரு நாள் வெளிநாட்டு இசைக்குழு ஒன்று வந்தது. சாக்ஸபோன் நார்வேக்காரர், பெரிய பாஸ் வயலின் ஒரு ஜப்பானிய அம்மாள், டிரம்ஸ் ஒரு டச்சுக்காரர். ஃப்ரீ ஜாஸ் என்றார்கள். மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவர் அந்த இடத்திலேயே பதில் சொல்லவேண்டும். முதல் நாள் ஒத்திகையில், இன்னும் சுருதி சேர்க்கிறார்கள் என்று நினைத்து அரைமணி நேரம் காத்திருந்தேன். எழுந்து வணங்கினார்கள். முடிந்துவிட்டதாம்.

அன்று பக்கத்துக் கோயிலில் திருவிழா. நியாலாஸ் தோட்டத்து உறுமிக் குழு வந்திருந்தது. நடுவில் மணியம் அண்ணன். பகலில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுவார். உறுமியைத் தோளில் மாட்டிவிட்டால் வேறு ஆள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அவர் எழுப்பும் அந்த முனகல் அடிவயிற்றில் போய் உட்காரும். நார்வேக்காரர் ரதத்தின் பின்னாலேயே வெறுங்காலோடு நடந்தார். மறுநாள் கச்சேரியில் கடைசி உருப்படிக்கு வந்து வாசிக்க முடியுமா என்று அண்ணனிடம் என்னைக் கேட்கச் சொன்னார்.

"என்னா அடிக்கணும்னு கேளுடா," என்றார் அண்ணன்.

"உங்களுக்குத் தோணுறத அடிக்கணுமாம்ணே."

"சாமிக்கு அடிக்கிறதா, சாவுக்கு அடிக்கிறதா?"

கேட்டுச் சொன்னேன். "ரெண்டும் வேணுமாம்ணே."

"ரெண்டையும் ஒண்ணா அடிச்சா சாமியே திரும்பிப் போயிரும்லா," என்று சிரித்தார். ஆனால் வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. உறுமித் தோலில் தடவிய விளக்கெண்ணெய் மேடையெல்லாம் மணத்தது.

கச்சேரி மாலை ஐந்து மணிக்கு. அதை அப்படியே பதிவு செய்து ஆல்பமாக வெளியிடப்போகிறார்கள். அவர்களுடைய ஒலிப்பதிவாளருக்கு முதல் நாள் தின்ற டுரியான் பழம் ஒத்துக்கொள்ளவில்லை. பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். போகும்போது ஒலிப்பதிவுக் கருவி முன்னால் இருந்த தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் கூப்பிடு, எதையும் தொடாதே என்று சைகையால் சொன்னார்.

அண்ணன் மேடையேறினார். முதல் இரண்டு நிமிடம் மெதுவாகத் தேய்த்தார். சாக்ஸபோன் அவரைக் கேட்டுக்கேட்டு முனகியது. பிறகு அடி ஏறியது. எனக்கு முதல்முறையாக அந்தச் சங்கீதம் புரிவது மாதிரி இருந்தது. பெருமையில் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் லெட்சுமி அக்கா. கண் மூடியிருக்கிறது. தலை ஆடுகிறது.

எனக்கு வியர்த்துவிட்டது. வெளிநாட்டு விருந்தாளிகள், முன்வரிசையில் பெரிய மனிதர்கள், ஒரு குழப்பமும் வரக்கூடாது என்று காலையிலேயே மேனேஜர் சொல்லியிருந்தார். அக்கா கூந்தலை அவிழ்த்துக்கொண்டு எழுந்தால் யார் பிடிப்பது? உறுமியின் மைக் எந்தக் குமிழ் என்று எனக்குத் தெரியும், நானே ஒட்டிய சீட்டு. அதைக் கீழே இறக்கினேன். மைக் இல்லாத உறுமி சாக்ஸபோனுக்கு அடியில் அமுங்கிப்போனது. அக்காவின் தலை தொங்கி நின்றது. காப்பாற்றிவிட்டேன் என்று மூச்சு விட்டேன். காலடிச் சத்தம் கேட்டது. பதிவாளர் திரும்பி வந்தார். மறுபடி ஏற்றினால் தொட்டது தெரிந்துவிடும் என்று கைகட்டி நின்றேன். அவரும் கவனிக்கவில்லை. மேடையில் அண்ணன் கண் மூடி, சட்டை நனைய, பதினோரு நிமிடம் அடித்தார். மேடை ஓரத்தில் நின்ற எனக்கு அது கேட்டது.

நாற்காலி அடுக்கும்போது லெட்சுமி அக்காவிடம் கேட்டேன். "என்னக்கா, சாமி வந்துருச்சா?"

"சாமியா? போடா. காலையிலேர்ந்து குனிஞ்சு துடைச்சது யாரு, நீயா? அசதிடா, தூங்கிட்டேன். அந்தப் பீப்பீக்கு எங்க சாமி வரும்?"

அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். குமிழை இறக்கினால் மண்டபத்தில் மட்டுமல்ல, பதிவிலும் குறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. ஆல்பத்தின் வட்டு தபாலில் வந்தபோதுதான் தெரிந்தது.

அண்ணன் வீட்டில் தோட்டமே கூடியிருந்தது. அட்டையில் ஆங்கிலத்தில் அண்ணன் பெயர். கைக்குக் கை போனது. கடைசி உருப்படியில் உறுமி தொடங்கியதும் கைதட்டினார்கள். இரண்டு நிமிடம். அப்புறம் இல்லை. கூரையில் மழை விழுந்தது பதிவாகியிருந்தது. என் தும்மல்கூடத் தெளிவாக இருந்தது. உறுமியைக் காணோம்.

"சிங்கப்பூரு வரைக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேனே, எங்கய்யா உன் சத்தம்?" என்றார் அண்ணி.

"அட்டையில பேரு இருக்குலா, அது போதாதா?" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. "நான் சரியா அடிக்கல போல. நல்லா இல்லைன்னு எடுத்துட்டாங்க," என்றார். என்னைப் பார்த்து, "நீ அங்கதானடா இருந்த? மோசமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

எவ்வளவு எளிய கேள்வி. "தெரியலண்ணே," என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். குமிழை இறக்கியது பயத்தில் செய்த தவறு. இது அப்படியில்லை. அடுத்த திருவிழாவுக்குக் குழு வந்து கூப்பிட்டபோது, முதுகுவலி என்றார். அதற்கடுத்த வருடம் உறுமியை ஜாசினில் ஒரு குழுவுக்குக் கொடுத்துவிட்டார். இன்று எந்தக் கோயிலுக்குப் போனாலும் உறுமிக் குழுக்கள் சீருடை போட்டு நிற்கின்றன. உறுமிக்கு ஒன்றும் குறைவில்லை. அண்ணன்தான் அதில் இல்லை.

மண்டபம் இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். லெட்சுமி அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். இசைக்குழுவும் கலைந்துவிட்டது என்று பூங்கொடி தேடிப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பதினோரு நிமிடம் உலகத்தில் எந்த வட்டிலும், எந்தப் போனிலும் கிடையாது. கேட்டவர்களில் அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லக்கூடியவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். நான்தான் சொல்லாமல் இருந்தேன்.

இதுவரை சனிக்கிழமை எழுதினேன். மறுநாள் காலை நியாலாஸுக்குப் போனேன். அண்ணன் வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் மோசமா அடிக்கல?"

"இல்லண்ணே. நல்லா அடிச்சதுனாலதான் எனக்குப் பயமே வந்துச்சு."

"இத அன்னைக்கே சொல்ல உனக்கு என்னடா?"

 அவர் குழாயைத் திறந்து மீதி வண்டியையும் கழுவினார். உட்காரச் சொல்லவில்லை. பத்தரை மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.