இரண்டு நாகேந்திரம், ஒரு சார்ஜன்

ஊரில் எல்லாரும் பதவியைக் கூட்டிக் கேட்டுத்தான் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவார்கள். என் வீட்டுக்காரர் குறைத்துத் தரச் சொல்லி ஏறினார். ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை. இப்போதும் முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

இவர் பெயர் நாகேந்திரம். வயது எழுபத்தெட்டு. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் சந்துபோன்ற ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அரசாங்க கராஜில் வேலை செய்து பென்சன் எடுத்த மனிதர் என்றுதான் ஒழுங்கை முழுக்க இவரை அறியும். அந்தக் கராஜ் இராணுவ முகாமுக்குள் இருந்தது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. இருபது வயதில் இராணுவத்தில் சேர்ந்து, லொறி திருத்தும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் கழித்துவிட்டு, சண்டை பெரிதாகத் தொடங்கிய காலத்தில் கோப்ரலாக இளைப்பாறியவர். பயிற்சி முடிந்தபிறகு துவக்கைத் தொட்டதேயில்லை என்பார். அதையெல்லாம் வெள்ளவத்தையில் யாரிடம் போய் விளங்கப்படுத்துவது? கீழ் வீட்டுச் சுபோதினியின் தமையன் வன்னியில் கடைசிச் சண்டையில் செத்துப்போனவன். பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவந்து தருகிற அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கும் வாய் வந்ததில்லை.

இப்போது ஸ்ரான்லியின் கதைக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனைக்காரர். இவரோடு ஒரே நாளில் சேர்ந்து, ஒரே நாளில் விலகிய கூட்டாளி. எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும், சொந்தப் பெயர் பின்னுக்கு வரும். இவர் தியாகராசா நாகேந்திரம். அவர் நாகேந்திரம் ஸ்ரான்லி. தாய் வேதக்காரி, தகப்பன் நாகேந்திரம் சைவம். முகாமில் இருந்த சிங்களவர்களுக்கு எது குடும்பப் பெயர், எது ஆளின் பெயர் என்பது பிடிபடவில்லை. இரண்டு தாளிலும் நாகேந்திரம் இருந்தது, ஆகவே இரண்டு பேரும் நாகேந்திரம். உயரத்தைப் பார்த்து இவரைப் பெரிய நாகேந்திரம் என்றும் அவரைச் சின்ன நாகேந்திரம் என்றும் கூப்பிட்டிருக்கிறார்கள். சின்னவர்தான் கடைசி வருடத்தில் சட்டைக் கையில் மூன்று பட்டி குத்திச் சார்ஜன் ஆனவர்.

ஆனால் இளைப்பாறும்போது கையில் கொடுத்த அடையாள அட்டையில் இவருக்குச் சார்ஜன் என்று இருந்தது. என் மனிதர் என்ன நினைத்தார் தெரியுமா? வீட்டுக்கு அனுப்புகிற ஆளுக்கு மரியாதைக்காக ஒரு படி கூட்டிப் போட்டிருக்கிறார்களாம்! அப்படியே நினைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் சந்தோசமாக இருந்துவிட்டார்.

போன தை மாதம் ஸ்ரான்லி படுக்கையில் விழுந்தார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். மகள் மெர்லின்தான் கதவைத் திறந்தாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே குறைப்பட்டாள்.

"அன்ரி, அப்பா வாற போற ஆக்களுக்கெல்லாம் தான் சார்ஜன் எண்டு சொல்றார். அடையாளக் காட்டில கோப்ரல் எண்டுதான் கிடக்கு. என்ட மனுசன் பிள்ளைகளுக்கு முன்னால 'சார்ஜன் மாமா' எண்டு நக்கலடிக்கிறார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திடுவார்."

இவருடைய கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "சரோ, அவன்ரை பட்டி என்னட்டை இருக்கு" என்றார்.

அடுத்த கிழமையே, இராணுவத்தில் இளைப்பாறியவர்களின் பதிவு பார்க்கும் அலுவலகத்துக்குப் போனோம். மேசையில் இருந்த பெண்பிள்ளை எங்கள் பேத்தி வயது. இவர் நல்ல சிங்களத்தில், தான் சார்ஜன் இல்லை, கோப்ரல், ஸ்ரான்லிதான் சார்ஜன் என்று பதிவைத் திருத்தித் தரும்படி கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். மனிதருக்கு மூளை பிசகிவிட்டதோ என்று என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் வேறு பக்கம் பார்த்தேன், எனக்கே அது நிச்சயமாகத் தெரியாது.

"அங்கிள், இங்கு வருகிறவர்கள் கூட்டச் சொல்லித்தான் கேட்பார்கள். குறைத்தால் பென்சனும் குறையும்" என்றாள் சிங்களத்தில்.

"குறையட்டும்" என்றார் இவர்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மருந்துக் கடைக்குப் போய்வருகிறவள் நானல்லவா! அந்தப் பிள்ளை உள்ளே போய்த் தேடிவிட்டு வந்தாள். அந்தக் காலத்துப் பதிவுக் கோவைகளில் பாதி இல்லையாம். இரண்டு பேருடைய பதவியும் மாறியது என்றால் மற்றவரும் அதைச் சொல்லிக் கையெழுத்து வைக்கவேண்டுமாம். அதற்குரிய தாளையும் கொடுத்தாள்.

தாளோடு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். இனி லேசு என்றுதான் நினைத்தேன். முப்பத்தைந்து வருடமாக ஏங்கிய மனிதர் பாய்ந்து விழுந்து கையெழுத்து வைப்பார், இவருடைய மனமும் ஆறும், நானும் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம்.

ஸ்ரான்லி தாளை வாசித்தார். மடித்தார். இவருடைய சட்டைப் பைக்குள் திரும்பச் செருகினார்.

"நான் கோப்ரல்தான் மச்சான்" என்றார்.

மெர்லின் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "என்னப்பா விளையாடுறீங்களா? இவ்வளவு காலமும் சார்ஜன் எண்டு சண்டை பிடிச்சது ஆர்?"

"நீ போய்த் தேத்தண்ணி போடு புள்ள."

அவள் போனபிறகு இவர் குரலை உயர்த்தினார். "டேய், உனக்கென்ன விசரா? உன்ரை சாமானை நீ வாங்கடா!"

ஸ்ரான்லி என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "சரோ, அந்த ரவுண்டப் ஞாபகமா?"

ஞாபகமில்லாமல் போகுமா? போர்க்காலத்தில் ஒரு விடியற்காலை வெள்ளவத்தையைச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பொலிஸ் வாசலில் வீட்டுச் சட்டையோடு நின்றேன். உள்ளே இவர் அந்த அடையாள அட்டையைக் காட்டியிருக்கிறார். சார்ஜன் மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். இவர் ஜீப்பை ஒழுங்கை முகப்பிலேயே நிற்பாட்டிவிட்டு நடந்து வந்தார், அயலவர் கண்டுவிடுவார்கள் என்று. மற்ற வீட்டு ஆண்கள் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார்கள்.

"அண்டைக்கு இவன் இங்க வந்து, 'மச்சான், எனக்குச் சார்ஜன் எண்டு கதிரை தந்தாங்கள்' எண்டு சொல்லிச் சிரிச்சான்" என்றார் ஸ்ரான்லி. "நான் என்ட பட்டியத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதி வச்சிருந்தன். அண்டைக்கு ராவே கிழிச்சுப் போட்டன்."

"கோப்ரல் எண்டாலும் விட்டிருப்பாங்கள்" என்றார் இவர்.

"விட்டிருப்பாங்களோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? திரும்ப ஒருநாள் தேவைப்படும். நீ வச்சிரு."

இந்த இரண்டு கிழவர்களையும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது எங்களுக்காகவா? கேட்க நினைத்தேன். மெர்லின் தேத்தண்ணியோடு வந்துவிட்டாள்.

மாசி முடியமுன் ஸ்ரான்லி போய்விட்டார். அந்தத் தாள் கையெழுத்தில்லாமல் இவருடைய மேசையில் கிடந்தது.

மெர்லினுக்குத் தமிழில் எழுதிப் பழக்கமில்லை. பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டாள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவர் என்ன உத்தியோகம் பார்த்தார் என்று போடாமல் அறிவித்தல் வராது. தபாலதிபர் என்றால் தபாலதிபர், கிளாக்கர் என்றால் கிளாக்கர். அதில் வந்துவிட்டால் பிறகு அதை மாற்றிச் சொல்ல ஆளில்லை. நான் பேனையை எடுத்து, 'இளைப்பாறிய இராணுவச் சார்ஜன் நாகேந்திரம் ஸ்ரான்லி' என்று எழுதினேன். எந்தக் கந்தோரையும் கேட்கவில்லை. மெர்லின் வாசித்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே தகவல் தருபவர்களின் பெயர் வரவேண்டும். மகள் மெர்லின் என்று போட்டேன். இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னையும் போடும்" என்றார். "இளைப்பாறிய இராணுவக் கோப்ரல் எண்டு போடும்."

"ஒழுங்கை முழுக்க இந்தப் பேப்பர்தான் வாசிக்குது. தெரியுமோ?"

"தெரியும் சரோ. நான் கோப்ரல் ஆகாமல் அவன் எப்பிடிச் சார்ஜன் ஆகிறது?"

அடுத்த நாள் காலையில் கதவு தட்டுப்பட்டது. சுபோதினி. கையில் பேப்பர். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அங்கிள், இது நீங்களா?"

"ஓம் பிள்ளை" என்றார் இவர். "நான் கோப்ரல்."

அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கோபமா, வேறெதுவுமா? பேப்பரை விரித்து மேலே இருந்த பெயரில் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள்.

"இந்தச் சார்ஜன் ஆர்?"

முகாமை விட்டபிறகு, வீட்டு ஆட்கள் தவிர வேறொருவர் ஸ்ரான்லியைச் சார்ஜன் என்று சொல்லி இவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழத் தொடங்கினார். சுபோதினி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.