பட்டினச்சேரி வழியாகச் செவ்வாய்க்கு

செய்த பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்க்கவே முடியாத தொழில் எங்களுடையது: செவ்வாய் கிரகத்தின் மேல் பறந்து படமெடுக்க ஆளில்லா விமானம் வடிவமைப்பது. எண்பதுகளில் காரைக்காலில் ஒரு வாடகை வீடுதான் ஆபீஸ். தன் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்க முடியாமல் விழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஆளே இல்லாமல்

வீட்டைக் கொடுக்கும் முன் வீட்டுக்கார மரைக்காயர் விசாரித்தார். விமானம் தானே பறக்கும், தானே படமெடுக்கும் என்றேன். சாவியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "துபாய்க்குப் போக எம்மவன் ஏஜெண்டு வீட்டுக்கு நடையா நடந்தான். உங்களுது ஆளே இல்லாமப் போவுதா? மாஷா அல்லாஹ்!"

பஸ் வசதி

அம்பகரத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், செவ்வாய்க்குப் போய்ச் சேரவே மாதக்கணக்காகும் என்று பெருமையடித்தேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "செவ்வாயைப் பாக்கணும்னா வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போங்க சார். காலையில பஸ் ஏறுனா மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்."

விட்டால் விட்டதுதான்

பூமியிலிருந்து நாம் 'திரும்பு' என்று சொல்வது செவ்வாய்க்குப் போய்ச் சேர நிமிடக்கணக்காகும். அதற்குள் விமானம் மலையில் மோதியிருக்கும். அதனால் பறக்கவிட்ட பிறகு யாரும் தலையிடக் கூடாது, திரும்புவதும் இறங்குவதும் அதன் பொறுப்பு என்பது எங்கள் சட்டம்.

தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார். விமானம் திரும்பி வராவிட்டால் ஆபீஸுக்குப் பூட்டு. இருந்ததோ சின்ன அளவில் செய்த ஒரே ஒரு விமானம். இன்றைக்கு மட்டும் ரிமோட் வைத்துக்கொள்ளலாமே என்று எங்கள் தலைவர் சுந்தரத்திடம் கெஞ்சினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செவ்வாய்க்கு நீங்களும் கூடப் போறதா இருந்தா வச்சுக்குங்க."

பளிச்சென்ற இடம்

பட்டினச்சேரி கடற்கரையில் விட்டோம். நேரே கடலுக்கு மேல் போய்ப் புள்ளியானது. உதவி செய்வதாக நினைத்து மீனவர்கள் இரண்டு பேர் படகைத் தள்ளவே ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் அந்தப் புள்ளி மெல்லத் திரும்பியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேடு பள்ளமில்லாமல் பளிச்சென்று இருக்கிற இடமாகப் பார்த்து இறங்கும்படி அதைச் செய்திருந்தோம். கரையில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். மீன் விற்கிற செல்வி அக்கா காயப் போட்டிருந்த நெத்திலி. அதன் நடுவில் பூப்போல இறங்கியது.

"திரும்பி வந்துடுச்சுல்ல, ஆபீஸ் இருக்கட்டும்" என்று அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். செல்வி அக்கா சிரிக்கவில்லை. விமானத்தைத் தூக்கி என் கையில் திணித்தார்: "அனுப்புறதுக்கு முன்னாடி, அங்க யாராச்சும் கருவாடு காயப் போட்டிருக்காங்களான்னு கேட்டுக்குங்க தம்பி."

அதைப் பார்த்துச் சொல்லத்தான் விமானமே என்று அக்காவிடம் சொல்ல எனக்கு அன்று தைரியம் வரவில்லை.