கெளுத்திக்கு இரண்டு தீனி

சுங்குவார்சத்திரத்தில் அவனும் நானும் ஒரே அறையில் இருந்தோம். கம்பெனியில் செல்போனுக்கு மூடி மாட்டும் லைனில் நான் தூங்கிவிட்டதைச் சூப்பர்வைசரிடம் அவன் போட்டுக்கொடுத்தான். அன்றோடு பேச்சு நின்றது. அவனுக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் எனக்கு இரவு. அந்த மூஞ்சியைப் பார்க்கும் தொல்லையும் இல்லை.

சேர்ந்து வாங்கிய மீன்தொட்டி மட்டும் அறையில் மிச்சமிருந்தது. அதிலிருந்த இரண்டு கெளுத்திகளும் திடீரென்று வயிறு உப்பி மல்லாந்து நீந்தின. மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டுக் கண்ணாடியில் போய் முட்டின. என்மேல் உள்ள வன்மத்தில் அவன் பட்டினி போடுகிறான் என்று முடிவுகட்டி, தீனியை அள்ளி அள்ளிப் போட்டேன்.

மோட்டார் போட வந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, நீ ஒருவாட்டி கொட்டுற, அவன் ஒருவாட்டி கொட்டுறான். கேட்டா நீதான் பட்டினி போடுறன்னு சொல்லிக்கினு கீறான். தண்ணிய யாருப்பா மாத்துறது?"

அது அவன் வேலை என்றுதான் ஒரு மாதமாக இருந்தேன்.

மறுநாள் இரண்டும் செத்து மிதந்தன. எடுத்துப் போடட்டும் அவன் என்று ஷிஃப்டுக்குக் கிளம்பினேன். திரும்பி வந்தபோதும் மிதந்துகொண்டிருந்தன.